தவளை கத்தும்போது வாய் ஏன் திறப்பதில்லை?

சுங்கை சிப்புட் அருகே தோட்டப்புறத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தம் மகள் கேட்ட மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். மழை விட்ட இரவில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் வடிகாலில் தவளைகள் காது அடைக்கக் கத்துகின்றன. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் ஒன்றின் வாய்கூடத் திறந்திருக்கவில்லை. அப்படியானால் சத்தம் எந்த வழியாக வருகிறது? தொண்டையில் உப்பும் பைதான் சத்தம் போடுகிறதா? செம்பனைக் காட்டுக்கு அப்பால் ஓடும் ஆற்றில் இருக்கும் பெரிய தவளை மட்டும் ஏன் கத்துவதே இல்லை? இந்த ஊரில் பல காலமாக உயிரியல் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் இவற்றுக்கு விடை எழுத முற்படுகிறேன். மூன்றும் நல்ல கேள்விகள். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயத்தின் நடுவில் போய் நிற்கும் கேள்விகள்.

விடையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் பிறக்கும் இடம் குரல்வளை. வாயை மூடியிருந்தால்தான் அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்யும், அதனால்தான் மூடியிருக்கிறது. ஆற்றுத் தவளைக்குத் தொண்டைப் பையே கிடையாது. ஆனால் இவற்றைத் தனித்தனிச் செய்திகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் காரணம் புலப்படாது. தவளையின் குரலுக்கு உதவும் உறுப்புகளில் பெரும்பாலானவை ஆதியில் குரலுக்காக உண்டானவை அல்ல. மூச்சு விடுவதற்கும் நுரையீரலுக்குள் நீர் புகாமல் தடுப்பதற்கும் இருந்த உறுப்புகளையே பரிணாமம் மெல்ல மெல்லக் குரலுக்குத் திருப்பிக்கொண்டது. ஆகவே மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாம் மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு விரிகிறது, உதரவிதானம் தாழ்கிறது, காற்று உள்ளே இறங்குகிறது. தவளைக்கு உதரவிதானமும் இல்லை, மார்பை விரிக்கும் விலா எலும்புக்கூடும் இல்லை. அது வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தி மூக்குத் துளை வழியே காற்றை வாய்க்குள் வாங்குகிறது. பிறகு மூக்குத் துளைகளை அடைத்துக்கொண்டு அடித்தளத்தை மேலே தூக்குகிறது. அப்போது காற்றுக்குப் போக்கிடம் நுரையீரல் ஒன்றே. சும்மா உட்கார்ந்திருக்கும் தவளையின் தாடைக்கு அடியில் தோல் விடாமல் துடித்துக்கொண்டிருப்பதை உங்கள் மகள் கவனித்திருப்பாள். அந்தத் துடிப்பில் பெரும்பகுதி வாய்க்குள் இருக்கும் காற்றை மாற்றுவதற்காக நடப்பது. இடையிடையே வரும் வலுவான அசைவுதான் நுரையீரலை நிரப்புகிறது. கத்தாத தவளைக்கும் இந்த வாய்ப் பம்பு உண்டு, குரல் எழுப்பாத பெண்ணுக்கும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கத்தத் தொடங்கும் ஆண், முதலில் இப்படிப் பல முறை காற்றைத் தள்ளி உடம்பை உப்பவைத்துக்கொள்கிறது. அடுத்து நடப்பது மூச்சின் திசை மாற்றம். விலாப்புறத்துத் தசைகள் சட்டென்று சுருங்கி நுரையீரலை நெருக்க, காற்று குரல்வளையைப் பிளந்துகொண்டு வாய்க்கு வருகிறது. வாயும் மூடியிருக்கிறது, மூக்கும் மூடியிருக்கிறது. வெளியேற வழியில்லாத காற்று, வாயின் அடித்தளத்தில் உள்ள பிளவு வழியே குரல்பைக்குள் புகுந்து அதை உப்பச் செய்கிறது. கூவல் முடிந்ததும், இழுபட்டு விரிந்திருந்த தோலும் தசையும் சுருங்கி அதே காற்றை நுரையீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆர்மோனியத்தில் துருத்தி தள்ளிய காற்று நாக்கை அதிரவைத்துவிட்டு வெளியே போய்விடும், அடுத்த சுரத்துக்குப் புதுக்காற்று வேண்டும். தவளையோ ஒரே காற்றை முன்னும் பின்னும் ஓட்டிப் பல முறை பயன்படுத்திக்கொள்கிறது. வாயைத் திறந்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். பிறகு ஒவ்வொரு கூவலுக்கும் வாய்ப் பம்பால் நுரையீரலை முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் பத்துக் கணக்கில் கூவுகிற இனங்களுக்கு அது கட்டுப்படியாகாது. பாம்பின் பிடியில் சிக்கிய தவளை வீறிடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அப்போது அது வாயை அகலத் திறந்துகொண்டுதான் அலறும். அந்த அலறலுக்கு இரண்டாம் முறை தேவைப்படாமலும் போகலாம்; ஆகையால் காற்றைச் சேமிக்கும் கணக்கு அங்கே இல்லை.

இந்த உழைப்பு எளிதானது அன்று. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளையை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஆணின் உடல் எடையில் சுமார் 15 விழுக்காடு இந்த உடற்சுவர்த் தசைகளே என்றும், பெண்ணில் அவை 3 விழுக்காடு அளவே என்றும் கண்டார்கள். கூவும் நேரத்தில் அந்த ஆண் செலவிடும் உயிர்வளி, ஓய்விலிருக்கும் நிலையைவிடப் பல மடங்கு அதிகம். வடிகால் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்து கத்தும் தவளை, உண்மையில் தன் உடம்பால் செய்யக்கூடிய மிகக் கடுமையான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. துணை தேடும் பெண்ணுக்கு இதில் செய்தி இருக்கிறது: விட்டுவிடாமல், வேகமாக, நெடுநேரம் கூவ முடிந்த ஆண், நன்றாக உண்டு வளர்ந்த ஆண்.

இனிக் குரல்வளைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற பைக்கே எல்லாப் புகழும் போய்விடுவதால், உள்ளே மறைந்திருக்கும் இந்தச் சிறு உறுப்பை விளக்குவதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. தவளைக்குக் கழுத்து என்று சொல்லத்தக்க நீளம் இல்லை. ஆதலால் நீண்ட மூச்சுக்குழாயும் இல்லை. வாயின் பின்பக்கத் தரையில் குரல்வளை, அதை அடுத்து உடனே நுரையீரல்கள். குரல்வளை என்பது மெல்லிய குருத்தெலும்பு வளையம் ஒன்றும், அந்த வளையத்தில் எதிரெதிராகப் பொருந்தி நிற்கும் குழிவான குருத்தெலும்புத் தகடுகள் இரண்டும் சேர்ந்த அமைப்பு. தகடுகள் நெருங்கினால் வழி அடைபடும், விலகினால் திறக்கும். விலக்குவதற்கு இருபுறமும் ஒரு தசை, நெருக்குவதற்கு வேறு சில தசைகள். தகடுகளின் உட்புறத்தில், காற்று ஏறிவரும் வழியில், இருபக்கமும் இரண்டு மெல்லிய சவ்வுகள் இறுகி நிற்கின்றன. இவைதான் குரல்நாண்கள். நுரையீரலிலிருந்து அழுத்தத்தோடு வரும் காற்று இவற்றை உதறிக்கொண்டு போகும்போது அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வே ஒலி. நாண் நீளமாகவும் கனமாகவும் இருந்தால் ஒலி தாழ்ந்து வரும், சிறிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் உயர்ந்து வரும். பொதுவாகப் பெரிய தவளைக்குக் கட்டைக் குரலும் சிறிய தவளைக்குக் கீச்சுக் குரலும் அமைவது இதனால்தான். மழைக்குப் பின் தேங்கிய நீரில் மிதந்துகொண்டு 'ஊங்… ஊங்' என்று மாடு கத்துவதைப்போல் ஒலிக்கும் பட்டைக் குண்டுத் தவளையையும், புல்லுக்கடியில் இருந்து கரகரக்கும் விரல்நுனி அளவுள்ள குறுவாய்த் தவளையையும் ஒரே இரவில் கேட்டால் இந்த வேறுபாடு காதுக்கே எட்டும்.

தேரைகளின் குரல்வளையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மலாய்க்காரர் காத்தாக் பூரு என்று சொல்லும், நம் வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க வரும் சொறித்தேரை நீளமாக இழுத்துக் கத்தும் ஒலி, ஒரே சீரான ஒலி அன்று. நெருக்கமாகக் கோத்த சிறு சிறு துடிப்புகளின் தொடர். 1970களில் தேரை இனங்களை ஆராய்ந்த டபிள்யூ. எஃப். மார்ட்டின், குரல்நாண்கள் வேகமாக அதிரும் அதே வேளையில் குருத்தெலும்புத் தகடுகளும் காற்றின் அழுத்தத்தால் தாமே மெதுவாக அதிர்ந்து அந்த ஒலியைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன என்று காட்டினார். அத்தனை துடிப்புக்கும் தசை ஒவ்வொரு முறையும் சுருங்க வேண்டியதில்லை. காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அடைப்பதற்கென்றே இருந்த கதவு தாளத்துக்கும் பயன்பட்டது இப்படித்தான்.

இப்போது பை. ஆண் தவளையின் வாய்க்குள், நாக்கின் இருமருங்கிலும் அடித்தளத்தில் சிறு பிளவுகளைக் காணலாம். சில இனங்களில் ஒரு பக்கத்தில் மட்டும். பெண்ணின் வாயில் பொதுவாக இவை இரா. வாயின் உள்தோல் இந்தப் பிளவு வழியே கீழே பிதுங்கி, தாடைக்கு அடியில் விரிந்ததுதான் குரல்பை. ஆகவே அது தனியாக முளைத்த உறுப்பு அன்று; வாயின் தொடர்ச்சி. சுற்றியுள்ள தாடைத் தசையும் வெளித்தோலும் மெலிந்து, இழுபடும் தன்மை பெற்றுவிட்டன. இனத்துக்கு இனம் வடிவம் மாறும். சொறித்தேரைக்குத் தொண்டையின் நடுவில் ஒற்றைப் பை. தமிழ்நாட்டில் பருவமழையின் முதல் நாட்களில் மஞ்சள் நிறமாக மாறி வயல்களில் கூடும் இந்தியக் காளைத் தவளைக்கு இருபக்கமும் இரண்டு நீலப் பைகள். வயல் தவளையின் ஆணுக்குத் தொண்டைத் தோலில் கரும்பட்டை தெரியும். கத்தாத நேரத்திலும் அதை வைத்தே ஆணை அடையாளம் காணலாம்.

இந்தப் பைதான் ஒலியைப் பெருக்குகிறது, குடம்போல் முழங்கவைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். பள்ளி நூல்களிலும் அப்படியே எழுதியிருக்கும். இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஸ்டேன்லி ராண்டும் ராபர்ட் டட்லியும். ஹீலியம் கலந்த காற்றில் ஒலி வேகமாகப் பயணிக்கும். ஆகையால் காற்று நிறைந்த குழிவு ஒன்றின் முழக்கம் அதில் உயர்ந்துவிடும். ஹீலியத்தை இழுத்தவர் பேசினால் குரல் கீச்சென்று மாறுவது நம் வாய்க்குழியில் இது நிகழ்வதால்தான். அவர்கள் தவளைகளை ஹீலியம் கலந்த காற்றில் கூவவைத்தார்கள். பை ஒரு முழக்கக் குழிவாக இருந்தால் கூவலின் அதிர்வெண் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. 1993இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு, பையின் வேலையை வேறு விதமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. காற்றைத் திருப்பி அனுப்புவது அதன் முதல் வேலை. குரல்வளையில் பிறந்த அதிர்வைத் தன் மெல்லிய, அகன்ற பரப்பால் வெளிக்காற்றுக்கு மாற்றிக் கொடுப்பது இரண்டாவது. வாய் மூடியிருந்தும் ஒலி எப்படி வெளியே வருகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: காற்று வெளியே வருவதில்லை, அதிர்வு மட்டும் தோலைக் கடந்து வருகிறது.

மூன்றாவது ஒரு வேலையும் உண்டு, அது கண்ணுக்கானது. இருட்டில் வெளிறிய பை உப்பி உப்பி அடங்குவதைப் பெண் பார்க்கிறது. பனாமாவின் துங்காரா தவளையில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தவளையின் ஆண், கீழிறங்கும் நீண்ட முனகல் ஒன்றை எழுப்பும். போட்டி மிகுந்தால் அதன் முடிவில் 'சக்' என்ற சிறு ஒலியைச் சேர்க்கும். பெண்ணுக்கு அந்தச் சேர்க்கைதான் பிடிக்கும். 'சக்' ஒலிக்குக் காரணம், குரல்நாணோடு ஒட்டிக் குரல்வளைக்குள் தொங்கும் ஒரு நார்த்திரள். அறுவை செய்து அதை நீக்கியபோது ஆணால் முனகலை மட்டுமே எழுப்ப முடிந்தது என்று 2006இல் கண்டறிந்தார்கள். ஆனால் அதே 'சக்' ஒலியைக் கேட்டு உதட்டு விளிம்பில் புடைப்புகள் கொண்ட ஒரு வௌவாலும் வந்து தவளையைக் கவ்விப் போகும். பை உப்பும்போது குளத்து நீரில் பரவும் சிற்றலைகளைக்கூட அந்த வௌவால் உணர்ந்துகொள்கிறது என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆபத்தை உணர்ந்து தவளை வாயடைத்துப் போனாலும் அலை உடனே அடங்குவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் முன்னோர் சொன்னது இயற்கை வரலாற்றிலும் உண்மையே. பெண்ணின் விருப்பம் குரலை வளர்க்கிறது, வேட்டையாடியின் காது அதைக் கட்டுப்படுத்துகிறது; இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நார்த்திரளின் அளவு நிலைபெறுகிறது.

பை இன்னும் ஒரு வியப்பான வேலையையும் ஏற்றிருக்கிறது. சிலி நாட்டின் தென்பகுதிக் காடுகளில் வாழும் டார்வின் தவளையின் ஆண், ஈர மண்ணில் இட்ட முட்டைகளுக்குள் குஞ்சுகள் நெளியத் தொடங்கியதும் அவற்றை வாயால் எடுத்துக் குரல்பைக்குள் விட்டுக்கொள்கிறது. அங்கேயே அவை வளர்ந்து உருமாறி, சிறு தவளைகளாகத் தந்தையின் வாய் வழியே வெளியே குதிக்கின்றன. வாயின் உள்தோல் விரிந்ததுதான் பை என்பதை மறவாமல் இருந்தால், இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது விளங்கும்.

இவை எல்லாம் எங்கிருந்து வந்தன? குரல்வளை முதலில் ஒரு கதவு. நுரையீரல் உள்ள மீன்களில், வாய்த்தரையில் நுரையீரலுக்குப் போகும் துளையைச் சுற்றி ஒரு தசை இருந்து, நீர் உள்ளே போகாமல் அடைத்துக்கொள்கிறது. அதன் சுவரில் குருத்தெலும்பு வலுவூட்டியபோதுதான் குரல்வளை உருவாயிற்று. அந்தக் குருத்தெலும்பின் மூலமும் சுவையானது: செவுள்களைத் தாங்கும் வளைவுகளில் கடைசியில் இருப்பவற்றின் வழி வந்தது அது. இதற்கு உயிருள்ள சான்று தலைப்பிரட்டை. செவுளால் மூச்சுவிடும் தலைப்பிரட்டையின் செவுள் வளைவுகள், உருமாற்றத்தின்போது பெரும்பகுதி கரைந்து, தவளையின் நாக்கடித் தகடாக மாற்றி அமைக்கப்படுகின்றன. குரல்வளை அதன் பின்முனையில் இருபுறக் கிளைகளின் நடுவே வந்து அமர்கிறது. செவுள் வளைவுகளுக்குச் சென்ற பத்தாம் மூளை நரம்பே குரல்வளைத் தசைகளையும் இயக்குகிறது. மனிதனுக்கும் அதே நரம்புதான். உங்கள் மகள் பள்ளிச் சபைகூடலில் பாடும்போதும், வடிகாலில் தவளை கத்தும்போதும் ஆணை போவது ஒரே பழைய பாதையில்.

காலக்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. தவளைகளின் முன்னோடியாகக் கருதப்படும் டிரையடோபட்ராக்கஸ், மடகாஸ்கரில் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறையில் கிடைத்தது; தாவுவதற்கு ஏற்ற இடுப்போடு கூடிய புரோசாலிரஸ், அமெரிக்காவின் அரிசோனாவில் சுமார் 19 கோடி ஆண்டு பழமையானது. எலும்பு கல்லாகும், குரல்நாணும் பையின் தோலும் பெரும்பாலும் கல்லாவதில்லை. ஆகவே இன்று வாழும் இனங்களின் உடலமைப்பை வம்ச மரத்தில் பொருத்திப் பார்த்துத்தான் பழங்கதையை ஊகிக்க முடியும். ஜுவோ சென், ஜான் வீன்ஸ் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, நாற்கால் முதுகெலும்பிகளில் ஏறத்தாழ 1,800 இனங்களை ஒப்பிட்டு, குரலால் தொடர்புகொள்ளும் வழக்கம் இரவு வாழ்க்கையோடு சேர்ந்து தோன்றியதாகக் கண்டது. இருட்டில் நிறமும் அசைவும் எட்டாத தொலைவுக்கு ஒலி எட்டும்.

குரல் மட்டும் மாறினால் போதாது. கேட்கும் காதும் கூடவே மாற வேண்டும். தவளையின் உள்காதில் ஒலியை உணரும் திட்டுகள் இரண்டு. ஒன்று தாழ்ந்த ஒலிகளையும் மற்றொன்று உயர்ந்த ஒலிகளையும் வாங்கிக்கொள்ளும். பல இனங்களில் இரண்டாவது திட்டு, தன் இனத்து ஆணின் கூவலுக்குப் பொருந்தும் அதிர்வெண்ணில் கூர்மையாக அமைந்திருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை 'கோ', 'கீ' என்று ஈரசையில் கூவும். 1976இல் பீட்டர் நாரின்ஸும் ராபர்ட் கப்ரானிக்காவும் காட்டியபடி, ஆண்கள் 'கோ' அசைக்குப் பதில் கொடுக்கின்றன, பெண்களை ஈர்ப்பது 'கீ' அசை. ஒரு கூவலுக்குள் எதிரிக்கு ஓர் எச்சரிக்கையும் துணைக்கு ஓர் அழைப்பும் இருக்கின்றன. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பிரேசிலின் கடலோரக் காட்டில் பகலில் திரியும் செம்மஞ்சள் நிறக் குறுந்தேரைகளில் இரண்டு இனங்கள், தங்கள் கூவலையே தாங்கள் கேட்க இயலாதவை என்று 2017இல் தெரியவந்தது. அந்த அதிர்வெண்ணுக்கு உரிய உள்காதுப் பகுதி அவற்றில் முழுமையாக வளரவில்லை. கேட்பார் இல்லாமல் போன பிறகும் குரல் மிஞ்சியிருக்கிறது. தொண்டை அசைவதைக் கண்ணால் பார்ப்பதற்காக அது நீடிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நீருக்குள்ளேயே வாழப் போன இனங்களில் கருவியே மாறிவிட்டது. ஆப்பிரிக்காவின் நகத்தவளைக்குக் குரல்நாண்கள் இல்லை. குருத்தெலும்புத் தகடுகள் தட்டையான வில்லைகளாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தசை அவற்றைச் சட்டென்று பிரிக்கும்போது 'டக்' என்ற ஒலி எழுகிறது. காற்று ஓட வேண்டியதே இல்லை. ஆணின் குரல்வளை பெண்ணுடையதைவிட மிகப் பெரியது, அதன் தசை நார்கள் முழுதும் விரைவாகச் சுருங்கும் வகையைச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது ஆண் ஹார்மோன் என்பதை டார்சி கெல்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் விரிவாக நிறுவியிருக்கிறார்கள். பெண்கள் ஏன் பெரும்பாலும் பேசாமல் இருக்கின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது: கருவி இருக்கிறது, ஆனால் ஹார்மோன் அதை வளர்ப்பதில்லை.

உங்கள் வடிகாலைப் பற்றி ஒரு சொல். போர்னியோவின் மரப்பொந்துத் தவளை, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, பாதி நீர் நிறைந்த பொந்துக்குள் உட்கார்ந்து கூவும். பியோர்ன் லார்ட்னரும் சபாவைச் சேர்ந்த மக்லரின் லாக்கிமும் அதை நீர் ஊற்றிய குழாயில் விட்டு நீரைச் சிறிது சிறிதாக வடித்தார்கள். நீர் குறையக் குறைய அந்தச் சிற்றுயிர் தன் சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்து, குழாய் முழங்கும் சுருதி கிடைத்ததும் அதையே பிடித்துக்கொண்டது. 2002இல் இது வெளியானது. பை தராத முழக்கத்தை அது மரத்திடம் வாங்கிக்கொள்கிறது. தைவானில் ஒரு மரத்தவளை, சிமெண்டு மழைநீர்க் கால்வாய்களுக்குள் இறங்கிக் கூவினால் அதன் ஒலி ஓங்கியும் நீண்டும் ஒலிப்பதை 2014இல் அளந்து காட்டினார்கள். லயத்துக்குப் பின்னால் கேட்கும் ஓசை அத்தனை பெரிதாக இருப்பதில் சிமெண்டுச் சுவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். உங்கள் மகள் பார்க்க விரும்பினால், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வெள்ளை நுரைக்கூடு ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தவளையைத் தேடலாம். கைவிளக்கை ஓரமாகப் பிடித்து, அசையாமல் காத்திருந்து, முதலில் தொண்டையைப் பாராமல் விலாவைப் பார்க்கச் சொல்லுங்கள். விலா ஒடுங்கும் அதே நொடியில் தொண்டை உப்பும். தொண்டை ஒடுங்கும்போது விலா மீண்டும் புடைக்கும். காற்று போய் வரும் பாதை முழுதும் அந்த இரண்டு அசைவிலும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஆற்றுத் தவளை. ஓடும் நீர் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் இடம். அங்கே சாதாரணக் கூவல் எடுபடாது. இந்தத் தொல்லைக்குத் தவளைகள் வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. சரவாக்கின் முலு மலைப் பகுதியில் ஆராயப்பட்ட குழிசெவித் தவளை, நீரின் இரைச்சலுக்கு மேலே, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் கூவுகிறது. 38,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கிறது. அதன் செவிப்பறை மண்டையோட்டின் குழிக்குள் உள்வாங்கி மிக மெல்லியதாக இருப்பது அதற்காகவே. போர்னியோவின் ஸ்டௌரோயிஸ் தவளைகள் கூவிவிட்டுப் பின்காலைத் தூக்கி, விரல்களுக்கு இடையிலுள்ள வெண்ணிறச் சவ்வை விரித்துக் காட்டுகின்றன. வட அமெரிக்காவின் மலை ஓடைகளில் வாழும் வால் தவளைக்குப் பையும் இல்லை, செவிப்பறையும் இல்லை, துணையை அழைக்கும் குரலும் இல்லை. தவளைக் குலம் முழுவதிலும் பை இப்படிப் பலமுறை தனித்தனியாக இழக்கப்பட்டிருக்கிறது. பயன் குறைந்ததும் அதைப் பேணும் செலவு மட்டும் மிஞ்சுவதே காரணம்.

நம் தீபகற்பத்து ஆறுகளில் காணும் அந்தப் பெரிய தவளை, லிம்னோனெக்டஸ் பிளைத்தி என்ற இனமாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்க வேண்டும். அதன் ஆணுக்குக் குரல்பை கிடையாது. மாறாக, தலை பெருத்து, கீழ்த்தாடையில் கோரைப்பல் போன்ற இரண்டு எலும்புப் புடைப்புகள் வளர்ந்திருக்கின்றன. இந்தக் குடும்பத்து ஆண்கள் கூவிப் போட்டியிடுவதைவிடக் கடித்துச் சண்டையிட்டு இடத்தைப் பிடிக்கின்றன. குரலுக்குச் செலவாகியிருக்கும் வளர்ச்சி தாடைக்குப் போயிற்று என்று கொள்ளலாம். அதே குடும்பத்தில் போர்னியோவில் வாழும் லிம்னோனெக்டஸ் பலவானென்சிஸ் இன்னும் ஒரு படி மாறிப்போனது. அங்கே முட்டைகளைக் காப்பதும் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து நீரில் கொண்டுபோய் விடுவதும் ஆணின் பொறுப்பு. அது அரிதாகவே கூவுகிறது. பெண்களோ அந்த ஆணைச் சுற்றிக் கூடி, மீண்டும் மீண்டும் கூவி அழைக்கின்றன என்று 2017இல் வெளியான புருணைக் காட்டு ஆய்வு தெரிவிக்கிறது. குரல்பை பொதுவாக ஆணுக்கே உரியது. அந்தப் பெண்கள் நுரையீரலையும் குரல்வளையையும் கொண்டே அதைச் செய்கின்றன.